கோன் வடிவத்தில் நாற்பத்திரண்டு பெயர்கள்

1. நான்காம் ஆண்டு தொடங்கியதும் எங்கள் வகுப்பு தனக்கென்று ஒரு டீஷர்ட் செய்துகொள்வது என்று முடிவானது. வகுப்பில் நாற்பத்தாறு பேர்.

2. அளவுப் பட்டியல், தையல் விவரமெல்லாம் எழுதிய ஸ்பெக் ஷீட், கடைசிச் செக்கிங் மூன்றும் என் பொறுப்பு.

3. டீஷர்ட்டின் முதுகில் வகுப்பிலுள்ள எல்லோருடைய பெயரும் வர வேண்டும் என்பது ஏற்பாடு. மாதிரி பிரிண்ட் போட்டோவாக என் போனுக்கு வந்தது. ஒரு பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அதைத் திருத்தச் சொல்லிவிட்டு, மற்றதெல்லாம் சரி என்று பதில் போட்டேன்.

4. அச்சடித்து, தைத்து முடித்த பிறகு எண்ணினால் முதுகில் நாற்பத்திரண்டு பெயர்கள்தான் இருந்தன.

5. விட்டுப்போன நான்கில் ஒன்று என்னுடையது.

6. நாற்பத்தாறு பீஸையும் ரிஜெக்ட் செய்தேன்.

யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். கேட்டு முடித்ததும் பெரும்பாலும், "ஒரு டீஷர்ட்டுக்கா இவ்வளவு கோபம்?" என்பார்கள். ஆமாம், ஒரு டீஷர்ட்டுக்குத்தான். திருப்பூருக்கு வெளியே இருப்பவர்கள் அப்படிக் கேட்கலாம்.

வேறு ஊர்க் கல்லூரிகளில் வகுப்பு டீஷர்ட்டை ஆர்டர் கொடுத்து வாங்குவார்கள். அந்த ஆர்டரும் எங்கள் ஊருக்குத்தான் வரும். எங்கள் டிபார்ட்மென்ட்டில், வாங்கிய டீஷர்ட்டைப் போட்டுக்கொண்டு வகுப்புப் போட்டோவுக்கு நின்றால் அது மானக்கேடு. நூலிலிருந்து அயர்னிங் வரை வகுப்பே செய்ய வேண்டும். ஒருவனுடைய சித்தப்பாவுக்கு நிட்டிங் மெஷின் இருக்கும், துணி அங்கே ஓடும். ஒருத்தியின் மாமாவுக்குச் சாயப்பட்டறை, நிறம் அங்கே. கட்டிங், பிரிண்டிங் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு. யார் வீட்டிலிருந்து என்ன வரும் என்று ஒரு மதியம் வகுப்புப் பலகையில் எழுதுவார்கள். ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் மெஷின் கிடையாது. மெஷினில் உட்காருகிற ஆள்தான் உண்டு. என் அம்மா ஓவர்லாக் டெய்லர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு நான்கு வயது. அன்றிலிருந்து அம்மா ஏதாவது ஒரு கம்பெனியில் ஓவர்லாக் மெஷினுக்கு முன்னால்தான் இருக்கிறாள். என் முறை வந்தபோது, "ஸ்பெக் ஷீட்டும் செக்கிங்கும் நான் பாத்துக்கறேன். தைக்கறதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை எங்கம்மா வருவாங்க" என்றேன். வகுப்பே கை தட்டியது. அந்தக் கைதட்டலை நினைத்துக்கொண்டு அன்று பஸ்ஸில் நின்றபடியே சிரித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் அந்தக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கவில்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, ஒரு வருடம் கம்பெனியில் தரம் பார்க்கும் க்யூசியாக நின்று, பிறகு நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தேன். அப்படிச் சேருகிறவர்களுக்கு லேட்டரல் என்று பெயர். வருகைப் பதிவேட்டில் அச்சடித்த பெயர்களெல்லாம் முடிந்த இடத்தில் ஒரு கோடு இருந்தது. கோட்டுக்குக் கீழே எங்கள் பெயர்களைப் பேனாவால் எழுதியிருந்தார்கள். அந்த வருடம் நாங்கள் நான்கு பேர்: நான், அனுப்பர்பாளையத்திலிருந்து வந்த ஒருத்தி, இரண்டு பையன்கள். முதல் நாள் நால்வரும் ஒன்றாக வகுப்பு வாசலில் நின்றோம். உள்ளே இருந்தவர்கள் ஒரு வருடம் பழகியவர்கள். யாருக்குப் பக்கத்தில் யார் என்பதெல்லாம் முடிந்துபோயிருந்தது. பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்து, "லேட்டரலா? பின்னாடி போங்க" என்றார். போனோம். கடைசி பெஞ்சுக்கு மேல் ஃபேன் இல்லை.

இரண்டு வாரம் அங்கே இருந்தேன். அனுப்பர்பாளையத்துக்காரி தினமும் மதியம் தன் டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்துவாள். அவள் அப்பா பாத்திரப் பட்டறையில் பாலிஷ் போடுகிறவர். அவளுடைய டப்பா மட்டும் கண்ணாடி மாதிரி மின்னும். "மொகம் பாத்துக்க புள்ள, சீப்பு வேணுமா?" என்பாள். எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் என் கண் முன் வரிசைகளில்தான் இருந்தது.

மூன்றாவது வாரம் துணி ஆய்வு லேப். ஓர் அங்குலத் துணியில் எத்தனை கண்ணி இருக்கிறது என்று லென்ஸ் வைத்து எண்ண வேண்டும். இரண்டாவது வரிசையில் இருந்த ஒருத்தி நான்கு முறை எண்ணி நான்கு விடை சொன்னாள். வீரபாண்டியில் அவள் அப்பாவுக்கு ஒரு பனியன் கம்பெனி. பின்பக்க ஷெட்டில் பிரிண்டிங்கும் உண்டு. அவள் என்னிடம் வந்து, "ஏனுங்க, இத எப்புடிங்க கண்ணு வலிக்காம எண்றது?" என்றாள். ஊசி முனையைக் கண்ணியில் வைத்துத் தள்ளிக்கொண்டே போகச் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் தன் பக்கத்தில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தாள்.

அவளுடைய மறுபக்கம் ஒரு நெசவுக்காரக் குடும்பத்துப் பெண். இப்போது அவர்கள் வீட்டில் தறி இல்லை, எலாஸ்டிக் வியாபாரம். வருடம் தவறாமல் பழனிக்குப் பாதயாத்திரை போய்விட்டு வந்து காலில் பிளாஸ்திரியோடு வகுப்பில் உட்காருவாள். வாயைத் திறந்தால் கேலிதான். கேன்டீனில் நான் பப்ஸைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்ததைக் கண்டுவிட்டு, "ஏப்பா, இந்தக்கா பப்ஸுக்கே அம்பு ஸ்டிக்கர் ஒட்டீரும் போல!" என்றாள். பீஸில் பழுது எங்கே இருக்கிறது என்று காட்டச் செக்கிங்கில் சின்னச் சிவப்பு அம்பு ஒட்டுவோம், அதைச் சொன்னாள். நான் அவர்களைவிட இரண்டு வயது மூத்தவள். அன்றிலிருந்து நான் க்யூசி அக்கா. ஒரு வாரத்தில் வகுப்பே அப்படிக் கூப்பிட்டது. ஒரு கூட்டம் எனக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டது, இனி நான் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என்று நம்பினேன். இரண்டு வருடத்தில் அவர்கள் இருவரும் ஒரு முறைகூட என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்பதைக் கவனிக்க எனக்கு ஒரு டீஷர்ட் தேவைப்பட்டது.

அவர்கள் என்னைக் கெட்டவிதமாக நடத்தினார்கள் என்று எழுதினால் அது பொய். கிறிஸ்துமஸுக்கு அம்மா செய்த முந்திரிக்கொத்தை இருவரும் அடித்துக்கொண்டு தின்றார்கள். பழனியிலிருந்து வந்த பஞ்சாமிர்தத்தில் எனக்குத் தனி டப்பா வந்தது. எனக்கு டெங்கு வந்து கிடந்தபோது கம்பெனிக்காரர் மகள் ஸ்கூட்டியில் எங்கள் லைன் வீட்டுக்கு வந்து, அம்மா போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காராமல் என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு வாரப் பாடத்தையும் சொல்லிவிட்டுப் போனாள். இதெல்லாம் நடந்தது. நடந்ததால்தான் கோபம் குறைய மாட்டேன் என்கிறது.

இன்னொன்றும் நடந்தது. ஒரு நாள் அவள் கடைசி பெஞ்சைக் காட்டி, "லேட்டரல்ஸ் எல்லாம் ஒரு மாதிரிங்க. ஒட்டவே மாட்டேங்கறாங்க" என்றாள். உடனே என் கையைப் பிடித்து, "உங்களச் சொல்லலீங்க்கா" என்றாள். நான் சிரித்தேன். என்னைச் சொல்லவில்லை என்பதில் எனக்கு அவ்வளவு நிம்மதி. திரும்பிப் பார்த்தபோது பின்னால் மின்னும் டப்பா மூடியிருந்தது.

டீஷர்ட்டுக்கு வருகிறேன். நாற்பத்தாறு பேரிடமும் அளவு வாங்கினேன். வரிசை எண், பெயர், நெஞ்சு அளவு, நீளம். மூன்று பேர் பொய்யான அளவு கொடுத்தார்கள். அவர்களை டேப் வைத்து அளந்தேன். பட்டியலைக் கம்பெனிக்காரர் மகளுக்கு அனுப்பினேன். அவர்கள் கம்பெனியில்தான் கட்டிங், பிரிண்டிங், தையல். முதுகுக்கான டிசைன் தன் பொறுப்பு என்று அவள் சொல்லியிருந்தாள்.

வியாழக்கிழமை மாலை பஸ்ஸில் இருந்தபோது போட்டோ வந்தது. கருநீலத் துணியில் வெள்ளை எழுத்து. பெயர்கள் அடுக்கடுக்காக, மேலே குறுகிக் கீழே விரிந்து, ஒரு நூல்கோன் மாதிரி நின்றன. அழகாக இருந்தது. நான் என் வழக்கப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கழுத்துத் தையலிலிருந்து பிரிண்ட் எத்தனை அங்குலம், அகலம் எவ்வளவு, இடமும் வலமும் ஒரே அளவா, ஊசித்துளை மாதிரி எங்காவது பெயின்ட் விட்டிருக்கிறதா, துணியை இழுத்தால் பிரிண்ட் வெடிக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். கடைசியாக எழுத்துப் பிழை. ஒவ்வொரு பெயராக விரலால் பெரிதாக்கிப் படித்தேன். ஒரு பையனின் பெயரில் ஓர் எழுத்து இல்லை. அதைச் சொன்னேன். பிறகு, "கோன் ஷேப் சூப்பர். ப்ரொசீட்" என்று போட்டேன்.

எல்லாப் பெயரையும் படித்தவளுக்குத் தன் பெயர் இல்லை என்று தெரியவில்லை. இதை யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் செக்கிங்கில் வேலை செய்தவர்களுக்கு இது புரியும். எதிரில் இருக்கிற பீஸில் என்ன பழுது என்று பார்க்கத்தான் கண்ணைப் பழக்குகிறோம். பீஸே வராமல் போனால் அதைக் கண் காட்டாது, எண்ணிக்கைதான் காட்டும். நான் எண்ணவில்லை. பெயர் இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவும் நானும் வீரபாண்டிக்குப் போனோம். முதுகுத் துண்டுகள் அச்சாகிக் காய்ந்து கட்டுக் கட்டாக இருந்தன. அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த தன் குஷனை ஸ்டூலில் போட்டு உட்கார்ந்தாள். அந்தக் கம்பெனி டெய்லர் ஒருவர் கழுத்துப் பட்டியும் கீழ்மடிப்பும் அடித்தார். தோழிகள் இருவரும் நூல் பிசிறு வெட்டினார்கள். பாதயாத்திரைக்காரி, "அம்மா, உங்க ஸ்பீடுக்கு ஹெல்மெட் போட்டுத்தானுங்க ஒக்காரணும்" என்றாள். அம்மாவுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். மதியத்துக்குள் நாற்பத்தாறும் முடிந்தது. இருவரும் எல்லோருக்கும் சாப்பாடு வாங்கி வரக் கிளம்பினார்கள்.

அம்மா மேலே இருந்த ஒரு பீஸை எடுத்தாள். பழக்கதோஷம், முதலில் உள்பக்கம் திருப்பித் தன் தையலைப் பார்த்தாள். பிறகு முதுகைத் திருப்பி, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களின் விரலோடு மேலிருந்து கீழே வந்தாள். மறுபடி மேலே போனாள்.

"ஏட்டி, ஒம் பேரு எங்க இருக்கு?"

"அதுல இருக்கும்மா. நல்லாப் பாரு."

"பாத்துட்டுதான கேக்கேன். இல்லியே."

வாங்கிப் பார்த்தேன். அப்போதுதான் எண்ணினேன். மூன்று முறை எண்ணினேன். நாற்பத்திரண்டு. யார் யார் இல்லை என்று பார்க்கவே வேண்டியதில்லை. கோட்டுக்குக் கீழே பேனாவால் எழுதிய நான்கு பெயர்கள்.

செக்கிங் மேஜையில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ரோல் கிடந்தது. எடுத்தேன். முதல் பீஸின் முதுகில், கோனின் அடிவரிசைக்குக் கீழே, நான்கு பெயர்கள் வந்திருக்க வேண்டிய இடத்தில் நான்கு அம்பு ஒட்டினேன். அடுத்த பீஸ். அடுத்தது. அம்மா என் கையைப் பிடித்தாள்.

"என்னட்டி செய்த? நான் தச்ச பீஸு. அம்பு ஒட்டுனா என் தையலத்தான் கொறை சொல்லுவாவ."

"உன் தையலுக்கு இல்லம்மா."

"பாக்கவன் உன்ட்ட வந்து கேப்பானா? அம்பு இருந்தா டெய்லரத்தான் கூப்பிடுவாவ."

இருபது வருடமாக அம்பு ஒட்டிய பீஸ் அவள் மேஜைக்குத்தான் திரும்பி வந்திருக்கிறது. அவள் சொன்னது சரி. அதனால் ஒவ்வொரு அம்பிலும் பேனாவால் 'பெயர் இல்லை' என்று எழுத ஆரம்பித்தேன். அம்மா என் கையை விட்டாள். பிறகு எழுதுவதற்கு வசதியாக ஒவ்வொரு பீஸாக விரித்து என் முன்னால் போட்டாள்.

முப்பது பீஸ் முடிந்திருக்கும். பார்சல் பைகளோடு இருவரும் வந்தார்கள். கம்பெனிக்காரர் மகள் ஒரு பீஸை எடுத்தாள். அம்பில் எழுதியிருந்ததைப் படித்தாள்.

"என்னுங்க்கா இது?"

"எண்ணிப் பாரு."

அவள் எண்ணவில்லை. எண்ணாமலே தலையைக் குனிந்தாள். அங்கேதான் எனக்குப் புரிந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஃபர்ஸ்ட் இயர்லயே போட்டு வெச்ச டிசைனுங்க்கா. நாங்க எல்லாரும் சேந்து நோட்டுல வரைஞ்சது. நாலு பேரச் சேத்துனா கோன் ஷேப் போயிருதுங்க. ரெண்டு தடவ டிரை பண்ணிப் பாத்தேன். அடி கோணலா வந்துச்சு. அதான்..."

"அதான்?"

"நீங்க தப்பா எடுத்துக்க மாட்டீங்கன்னு நெனச்சேனுங்க்கா."

இந்த ஒரு வாக்கியத்தை நான் இத்தனை நாளில் எத்தனை முறை எனக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. அவள் மறந்திருந்தால் மன்னித்திருப்பேன். நானே மறந்தவள்தானே. அவள் மறக்கவில்லை. இரண்டு முறை எங்களை உள்ளே வைத்துப் பார்த்திருக்கிறாள். அழகு கெடுகிறது என்று எடுத்திருக்கிறாள். எடுத்த பிறகு என்னைப் பற்றி யோசித்திருக்கிறாள். இவள் ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று முடிவு செய்திருக்கிறாள். இரண்டு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் என்னைப் பற்றித் தெரிந்துகொண்டது அதுதான்.

பாதயாத்திரைக்காரி நிலைமையைச் சிரிப்பாக்கப் பார்த்தாள். "அக்கா, பாத்து ஓகே சொன்னதே நீங்கதானே! உங்க மேலயே ஒரு அம்பு ஒட்டுங்க."

"ஒட்டத்தான் போறேன்" என்றேன். அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

சத்தம் கேட்டுக் கம்பெனிக்காரர் ஷெட்டிலிருந்து வந்தார். மிகவும் மரியாதையான மனிதர். என் அம்மாவைப் பார்த்து, "ஒக்காருங்க, ஏன் நின்னுட்டே இருக்கறீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மேஜையைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, எக்ஸ்போர்ட் இன்ஸ்பெக்சனுக்கு வாறவங்ககூட இத்தன அம்பு ஒட்ட மாட்டாங்களே" என்றார். மகள் விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "அட, இதுக்குப் போயி. ஹீட் டிரான்ஸ்ஃபர்ல நாலு பேரையும் அடிச்சு கீழ ஒட்டிக் குடுத்தர்லாம். சாயந்தரத்துக்குள்ள ஆயிரும் சாமி, கோவிச்சுக்காதீங்க."

"நாப்பத்தாறு பீஸுக்குமாங்க?" என்றேன்.

"எதுக்குங்க? உங்க நாலு பேரு பீஸுக்குப் போதுமல்லங்க."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு அது பீஸ் சம்பந்தப்பட்ட ஒரு சின்ன ரிப்பேர். ஆனால் நினைத்துப் பாருங்கள். மற்ற நாற்பத்திரண்டு பேரும் ஒருவர் பெயரை ஒருவர் முதுகில் சுமப்பார்கள். எங்கள் பெயர் எங்கள் முதுகில் மட்டும் இருக்கும். நாங்கள் இருந்தோம் என்பதற்கு நாங்களே சாட்சி.

"வேண்டாங்க" என்றேன். இன்ஸ்பெக்ஷன் ஷீட் ஒன்றை எடுத்து, மொத்தம் நாற்பத்தாறு, பழுது நாற்பத்தாறு, பழுதின் வகை மேஜர், முடிவு ரிஜெக்ட் என்று எழுதினேன். 'அப்ரூவ் செய்தவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதி, தவறு என்று பக்கத்தில் குறித்து, கையெழுத்துப் போட்டேன். அம்மா குஷனை எடுத்துப் பையில் வைத்தாள். சாப்பாட்டுப் பார்சலைக் கம்பெனிக்காரர் மகள் அம்மாவின் கையில் கொடுக்க வந்தாள். அம்மா வாங்கிக்கொண்டாள். வெளியே வந்ததும் அதற்காக அம்மா மீதும் கோபப்பட்டேன். "சோத்து மேல என்னட்டி கோவம்" என்றாள்.

மறுநாள் கல்லூரியில் நான் நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போனேன். மூன்று பேரும் இருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். நம்ம நாலு பேரும் சேர்ந்து துறைத்தலைவரிடம் போகலாம், புதிதாக அச்சடிக்கச் சொல்லலாம், என்னென்ன கேட்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன் என்றேன். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அனுப்பர்பாளையத்துக்காரி டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம நாலு பேரா?" என்றாள். "ரெண்டு வருசமா எந்த நாலு பேரு புள்ள?"

எழுதி வைத்திருந்த தாளை மடித்தேன்.

"எங்க பேரு வராதுன்னு எங்களுக்கு அளவு கேக்கறப்பவே தெரியும். நீ டேப்பப் புடிச்சுட்டு வந்து நெஞ்சளவ எழுதுன, போன. நல்லாருக்கறயான்னு ஒரு வார்த்த கேட்டயா? உன்ற பேரு வுட்டுப்போனதும் அம்பு ஒட்டற. எங்க மூணு பேரு மட்டும் வுட்டுப்போயிருந்தா ஒட்டியிருப்பயா?"

ஒட்டியிருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது பொய்யாக இருக்கும். எண்ணாமல் ப்ரொசீட் என்று போட்டவள் நான். அவர்கள் மூவரில் யாருடைய பெயராவது என் மனத்தில் இருந்திருந்தால் அந்த வியாழக்கிழமையே தேடியிருப்பேன். என்னுடையதையே தேடாதவள் அவர்களுடையதைத் தேடியிருப்பேனா என்பது நல்ல சாக்கு. அவள் முன்னால் அந்தச் சாக்கு நிற்கவில்லை. அன்றிலிருந்து என் கோபத்துக்கு இரண்டு முனை. ஒன்று அவர்கள் பக்கம், ஒன்று என் பக்கம். எது கூர் என்று எனக்கே தெரியாது.

துறைத்தலைவரிடம் நான் தனியாகத்தான் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "நான் சொல்லி அவங்க உங்க பேரப் போட்டா அதுல என்னம்மா இருக்கு?" என்றார். தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வகுப்பு அம்புகளை உரித்துவிட்டு டீஷர்ட்டைப் போட்டுக்கொண்டது. நான் ரிஜெக்ட் செய்த ஷீட்டை யாரும் பொருட்படுத்தவில்லை. ஏற்றுமதியில் க்யூசி கையெழுத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. இங்கே நான் க்யூசி இல்லை, க்யூசி அக்கா. பையன்கள் இருவரும், ஹீட் டிரான்ஸ்ஃபரில் நான்கு பெயரையும் சூடு வைத்து ஒட்டிய பீஸை வாங்கிக்கொண்டார்கள். "எங்களுக்குப் போட்டோ வேணும்க்கா. ஊட்ல காட்டோணும்" என்றான் ஒருவன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

போட்டோ எடுத்த அன்று நான் சாதாரணச் சுடிதாரில் போனேன். அனுப்பர்பாளையத்துக்காரியும் அப்படித்தான் வந்திருந்தாள். நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. கருநீல வரிசைக்குப் பின்னால், ஓரத்தில், அவள் நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவள் எனக்காக நகரவும் இல்லை, விலகவும் இல்லை. முன் வரிசையிலிருந்து கம்பெனிக்காரர் மகள் திரும்பி, கையை ஆட்டி, "க்யூசி அக்கா, இங்க வாங்க, உங்களுக்கு இடம் வெச்சிருக்கறனுங்க" என்றாள். உண்மையிலேயே தன் பக்கத்தில் இடம் விட்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்குப் போக வேண்டும் போல இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது. அந்த நேரத்திலும், அவ்வளவுக்குப் பிறகும், அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது. போகவில்லை. "ஏம்மா, வாறதுன்னா வாங்க, இல்லீன்னா நேரா பாருங்க" என்றார் போட்டோகிராபர். நேராகப் பார்த்தேன்.

மீதி மாதங்கள் ஓடின. பரீட்சை, ப்ராஜெக்ட், வைவா. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். மதியம் என் டப்பாவை நான்தான் அவள் பக்கம் நகர்த்துவேன். சில நாள் எடுத்துக்கொள்வாள். சில நாள், "வேண்டாம் புள்ள, பசியில்ல" என்பாள். அவளுக்குப் பசி என்று எனக்குத் தெரியும். வற்புறுத்தியதில்லை.

இப்போதைய நிலை இது. கல்லூரி முடிந்துவிட்டது. திருப்பூர் ராயபுரத்தில், வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குச் சரக்கு வாங்கிக் கொடுக்கும் ஒரு பையிங் ஆபீஸில் க்யூசியாக இருக்கிறேன். வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன். பாதயாத்திரைக்காரி தொடர்பில் இல்லை. கம்பெனிக்காரர் மகள் மூன்று முறை மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினாள். மூன்றையும் படித்தேன், பதில் போடவில்லை, போடும் எண்ணமும் இல்லை. அனுப்பர்பாளையத்துக்காரிக்கும் எனக்கும் வேலைக்குப் போக ஒரே பஸ். இடம் இருந்தால் தனித்தனியாக உட்காருகிறோம், இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கிறோம். அவள் என்னை இன்னும் மன்னிக்கவில்லை. நானும் அந்த இருவரை மன்னிக்கவில்லை.